எண்ணெய் டின் எண்பத்திரண்டு கிலோ

வடக்குப்பட்டுக்குப் போகும் ரோட்டில் இருந்த ரைஸ் மில்லில் மூட்டைக்கு ஒரே அளவுதான், எழுபத்தைந்து கிலோ. சுமக்கிறவன் ஈர்க்குச்சியாக இருந்தாலும் சரி, ஆனையாக இருந்தாலும் சரி, முதுகில் ஏறுவது அதே மூட்டை. இந்த அநியாயம் மில் எஞ்சின் டிரைவர் இருதயசாமிக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் அவர் பேச்சு எடுபடாது. அதனால் எஞ்சின் ரூமுக்குப் பின்னால், தவிட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தை ஒழித்துக்கொண்டு, ஆளுக்கு ஏற்ற பாரம் என்று ஓர் உடற்பயிற்சிக் கூடம் ஆரம்பித்து எல்லாருக்கும் மாஸ்டர் ஆனார். அது எழுபத்திரண்டாம் வருஷம்.

காசு கொடுத்து வாங்கிய சாமான் எதுவும் அங்கே கிடையாது. காலி டின்னில் சிமெண்டையும் ஜல்லியையும் கொட்டி, மில்லில் கழித்துப் போட்ட இரும்பு ராடின் இரண்டு முனையிலும் பதித்துக் காயவைத்தால் பார்பெல் தயார். புதிதாக வருகிறவன் பவுடர் டின்னில் ஆரம்பிக்க வேண்டும். மூச்சு இரைக்காமல் இருபது தடவை தூக்கிக் காட்டினால்தான் சின்ன டால்டா. அது கைக்கு லேசானால் பெரிய டால்டா. கையூன்றி நிற்பதற்கும் இப்படியே படிகள் வைத்திருந்தார். முதலில் காலைத் தவிட்டு மூட்டை மேல் போட்டுக்கொண்டு கையைத் தரையில் ஊன்ற வேண்டும். தோள் நடுங்காமல் நின்றால் காலை ஜன்னல் திட்டுக்கு ஏற்றலாம். பிறகு சுவரில் சாய்ந்து நேராக. சுவரும் வேண்டாம் என்கிற தைரியம் ஒருவனுக்கும் வரவில்லை, மாஸ்டர் உட்பட.

கணக்குப்பிள்ளை தணிகாசலம் இரண்டு வருஷமாகத் தவிட்டு மூட்டையிலேயே இருந்தார். தொப்பை விட்டால்தானே?

“மாஸ்டர், என்னை ஜன்னலுக்கு எப்பத்தான் அனுப்புவீங்க?”

“உங்க தோளு சொல்லட்டும் சார். நான் சொல்லி இன்னா ஆவப்போவுது?”

வெள்ளையடித்த சுவரில் ஒவ்வொருவன் பாதமும் தவிட்டுத் தூசியோடு பதிந்திருக்கும். பக்கத்தில் கரித்துண்டால் பேர் எழுதி வைப்பார். இன்று வந்தவன் யார், வராதவன் யார் என்று அந்தச் சுவரைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

ஆள் ஒண்டிக்கட்டை. கல்யாணம் ஆகாதவர் இல்லை. கிளாரா என்று குன்றத்தூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கட்டி நாலு வருஷம் குடித்தனம் நடத்தினார். எஞ்சின் ரூமை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. “இந்தச் சத்தத்துல மனுஷி இருக்க முடியாது” என்று ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சண்டையில்லை, சச்சரவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. கத்திக் கத்திப் பேசியே பழகிவிட்ட தன் தொண்டையை நினைத்து அவரே வெட்கப்பட்டார். எஞ்சின் நின்றபிறகு வரும் அமைதிதான் அவரை அதிகமாகப் படுத்தியது. அந்த நேரத்துக்கு நாலு ஆள் வேண்டும் என்றுதான் இந்தக் கூடமே. அதை யாரிடம் சொல்ல முடியும், சொல்லுங்கள்.

எழுபத்தைந்தாம் வருஷத்துக்குள் ஆட்கள் கரைந்துவிட்டார்கள். ஒருவன் கிண்டியில் ஷிப்டு வேலை, ஒருவன் பல்லாவரம், ஒருவன் மாமனார் ஊர். தணிகாசலம் ஞாபகம் வந்தால் வருவார். தவறாமல் வந்தவன் கண்ணப்பன் ஒருவன்தான். மில்லில் மூட்டை சுமக்கிறவன், இருபத்தெட்டு வயது, வீட்டில் பாஞ்சாலி என்று பெண்சாதி. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதுகைக் கழுவிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வருவான். மாஸ்டரும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் கையூன்றிச் சுவரில் காலைப் போட்டுத் தலைகீழாக நின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். மணிமங்கலத்தில் தேர் ஓடினதா, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் தலைகீழாகத்தான். பிறகு பொட்டுக்கடலையும் வெல்லமும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இருதயசாமி மற்ற இருபத்து மூன்றையும் ஓட்டினார்.

கண்ணப்பனுக்கு ஒரு கனவு. அம்பத்தூரில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் எடுப்பார்கள். எண்பது கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கு எடுக்க வேண்டும், மூன்று தடவை. வயது முப்பது தாண்டக் கூடாது. வேலை கிடைத்தால் குடியிருக்க வீடும் தருவார்கள். மூட்டையை இரண்டு பேர் முதுகில் ஏற்றிவிட்டால் சுமப்பது வேறு, தரையிலிருந்து தானாக எடுப்பது வேறு. அதற்காகத்தான் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டான்.

பெரிய டால்டாவும் அவனுக்கு லேசாகிவிட்டது. அடுத்த படிக்கு இருதயசாமி இரண்டு எண்ணெய் டின்களை எடுத்தார். பதினைந்து கிலோ டின் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எண்ணெயே பதினைந்து என்றால் சிமெண்டு ஒரு இருபத்தைந்து இருக்கும், இரண்டுக்கும் ஐம்பது, ராடு பத்து என்று மனக்கணக்குப் போட்டு, டின்னில் சிவப்புப் பெயிண்டால் 60 என்று எழுதினார். கண்ணப்பன் அதை முழங்காலுக்கு எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

“அறுவதுக்கே இப்பிடி நாக்கு தள்ளுதே மாஸ்டர். எம்பதுக்கு நான் எங்க போவேன்?”

அவருக்கே சந்தேகம் வந்தது. அவராலும் அதை அசைக்க முடியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் தணிகாசலத்தின் துணையோடு அதை மில் எடைமேடையில் ஏற்றினார். எண்பத்திரண்டு. கணக்குப்பிள்ளை பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார், முள்ளைப் பார்த்தது இருதயசாமி மட்டும்தான்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார், சத்தியமாக. கண்ணப்பன் வந்தான், தலைகீழாக நின்றான், நின்றபடியே சொன்னான். “எம்பது மட்டும் வந்துடட்டும் மாஸ்டர். மறுநாளே பாஞ்சாலிய இட்டுகினு அம்பத்தூருக்கு வண்டி ஏறிடுவேன். அப்பால இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இருதயசாமி சுவரிலிருந்து காலை இறக்கிக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு வருஷம் போயிற்று. கண்ணப்பன் டின்னைத் தோளுக்கு எடுத்தான். பிறகு இரண்டு தடவை. பிறகு மூன்று. “அறுவது வந்துடுச்சி” என்று சந்தோஷப்பட்டான். “இன்னும் பக்குவம் வரணும்” என்றார் மாஸ்டர். அம்பத்தூரில் மூன்று முறை ஆள் எடுத்தார்கள், அவன் போகவில்லை. ஆளுக்கு ஏற்ற பாரம் என்று ஊருக்கே நியாயம் பேசிய மனுஷன், ஒருத்தன் தோளில் பொய்யை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றார். கெட்டவரா அவர்? இல்லை. ஆனால் செய்தது கெட்ட காரியம், அது அவருக்கே தெரியும்.

கண்ணப்பனுக்கு முப்பது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் பாஞ்சாலி எஞ்சின் ரூம் வாசலில் வந்து நின்றாள். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

“மாஸ்டர், ஒரே வார்த்தை சொல்லிடுங்க. அவரால முடியுமா, முடியாதா? வர்ற திங்கக்கெழமதான் கடசி. முடியாதுன்னா எங்கப்பாரு நெலத்துல கூலிக்காச்சும் சேந்துக்கச் சொல்றேன். நீங்க சொன்னாத்தான் அவருக்கு வேதவாக்கு.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ஞாயித்துக்கெழம அனுப்பும்மா” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. பூசைக்குக்கூடப் போகாமல் காத்திருந்தார். கண்ணப்பன் வந்ததும் பார்பெல்லின் ஒரு முனையைப் பிடித்தார். அவன் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக எடைமேடைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். முள் ஆடி நின்றது. கண்ணப்பன் குனிந்து பார்த்தான், டின்னில் இருந்த 60ஐப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான்.

“எப்பத்துலேந்து தெரியும் மாஸ்டர்?”

“போன ஆடிலேந்து.”

“ஏன் சொல்லல?”

பதில் தயாராக வைத்திருந்தார், ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அதை விட்டுவிட்டு, “நீ போயிடுவேன்னுதான்டா” என்றார். எஞ்சின் ஓடாத மில்லில் அது ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். கண்ணப்பன் மேடை மேல் ஏறிக் கால்களை அகட்டி நின்றான். பார்பெல்லைத் தோளுக்கு எடுத்தான், ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதும் எடுத்தான். சத்தமில்லாமல் கீழே வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“போறேன் மாஸ்டர்.”

வரேன் என்று சொல்லவில்லை. எதிரி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட வரேன் என்றுதானே சொல்வோம்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வரேன் சொல்லாமல் அவன் அந்தக் கொட்டகையை விட்டுப் போனதில்லை. இருதயசாமி அங்கேயே நின்றார். பிறகு பார்பெல்லைக் கொட்டகைக்கு எடுத்துப் போகலாம் என்று குனிந்தார். மூன்று தடவை முயன்றார். தான் செய்த பாரம், தன்னால் தூக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் தணிகாசலம்தான் இரண்டு பேரை விட்டு அதை இறக்கினார்.

அடுத்த வாரம் பாஞ்சாலி மறுபடி வந்தாள். கையில் ஒரு துணியில் பொட்டுக்கடலையும் வெல்லமும்.

“வேல கெடச்சிடுச்சி மாஸ்டர். நேத்தே சேந்துட்டாரு. நான் நாளைக்கி மூட்ட முடிச்சோட கெளம்பறேன்.”

“அவன் வரலியாம்மா?”

“லீவு கெடைக்கல போலகீது.” அவள் அவசரமாகப் பேசினாள், முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் உங்களாலதான். அங்க எம்பதத் தூக்கறப்போ ஒண்ணுமே தெரியலயாம். நான் கேட்டேன், எப்பிடிய்யா முடிஞ்சிதுன்னு. மாஸ்டர் வெச்ச அளவு தப்பாதுன்னு சொன்னாரு.”

அவர் துணியை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க வழியில்லை. “வரேன் மாஸ்டர்” என்றாள் அவள். “போயிட்டு வாம்மா” என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் காதில் விழுந்ததோ இல்லையோ.

அன்று ஐந்து மணிக்குக் கொட்டகைக்குப் போனார். பிரஷ்ஷை எடுத்து 60ஐ அழித்து 82 என்று எழுதினார். சுவரில் காலைப் போட்டுக் கையூன்றி நின்றார். பக்கத்தில் கண்ணப்பனின் இரண்டு பாதங்களும் தவிட்டு நிறத்தில் அப்படியே இருந்தன. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தலைகீழாக நிற்பது எவ்வளவு நேரமாகத் தோன்றும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் அவர் பதினோரு வருஷம் அந்த மில்லில் இருந்தார். தோள்வலி வந்து சுவரிலிருந்து ஜன்னல் திட்டுக்கு இறங்கினார், கடைசியில் தவிட்டு மூட்டைக்கு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க ஆள் வரும். அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லுவார்.