மனுவைத் திரும்பப் பெறப் போனேன்

தங்கை இறந்தபின் அவள் மகள் ஹரிணி மைசூரில் என்னிடம்தான் வளர்கிறாள். மறுமணம் செய்துகொண்ட அவளுடைய அப்பா சாமராஜநகரிலிருந்து வந்து குழந்தையைக் கேட்டபோது, என் பொறுப்பிலேயே விடும்படி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். வாய்தா வாய்தாவாக அலைந்து ஓய்ந்து, கடைசியில் அவரோடு சமாதானமாகி, ஹரிணியை அவரிடமே அனுப்பச் சம்மதித்து மனுவைத் திரும்பப் பெறப் போனேன்.

நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது என்று கன்னடத்தில் சொன்ன நீதிபதி, ஹரிணியைத் தனியாக அழைத்துப் பேசினார். அவள் சொல்லித்தான் தெரிந்தது: விடுமுறைக்கு அப்பா வீட்டுக்குப் போனபோதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போயிருக்கிறார்கள். மனுவைத் திரும்பப் பெற அனுமதி கிடைக்கவில்லை.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்களே கோர்ட்டுக்கு அலைஞ்சு சுஸ்தாகி வர்றீங்க, பெரியம்மா."

வழக்கு இன்னும் நடக்கிறது. எவ்வளவு அலுத்து வந்தாலும், இப்போதெல்லாம் முதலில் அவளருகில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்கிறேன்.