மாத்திரை விரதம்

ஊர் ஊராகச் சுற்றி இப்போது ஒதுங்கியிருக்கும் திருப்பூர் அறையில், இன்று காலை மருந்துப் பையைப் பிரித்ததும் எழுந்த நெடி என்னைக் குலசேகரத்தில் கிளாரா அக்காவின் மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது. சாலையை அகலப்படுத்தியதில் அந்தக் கடை இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கடை ரப்பர் ஷீட்டின் புகைநாற்றமும் மருந்து வாசனையும் கலந்த அதன் படியில், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து வரும் பெண்கள் நின்று மாத்திரை வாங்குவார்கள், காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள், எதையும் வீணாக்காமல் பகிர்வதுதான் எங்கள் பக்கத்து மரியாதை.

அம்மாவுக்குக் காசநோய். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"இங்கிலீஷ் மருந்து சூடுக்கா. இப்ப நல்லாத்தான இருக்கேன்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் கிளாரா அக்கா கேட்டாள்: "ஏட்டி, மண்டைக்காட்டம்மைக்கு விரதம் எடுத்தா பாதியில முறிப்பியா?"

"அது சாமி காரியமில்லா."

"பாதியில விட்டா சீக்கு திரும்பி வந்து ஆளையே கொண்டுபோவும். இதையும் விரதம்னு வச்சுக்க."

மறுநாளிலிருந்து அம்மா குளித்து, விளக்கேற்றி, அதன் முன்னால் நின்று மாத்திரையை விழுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி தன் இருமலுக்கு ரெண்டு மாத்திரை கேட்டபோது, விரதத்தில் பங்கு கிடையாது என்றாள். மருந்து தீரும்வரை எங்கள் வீட்டுக் காலைகள் அப்படித்தான் விடிந்தன. அவள் பிழைத்தாள்.

இப்போது அதே நோய் எனக்கு. இருமல் நின்றுவிட்டது, மாத்திரை மிச்சமிருக்கிறது. பால்வெட்டிவிட்டு வந்த அம்மா போனில் கேட்டாள்: "விரதத்த முறிச்சியா மக்கா?"

"இல்லம்மா. இப்பத்தான் குளிச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்தேன்.