ஒட்டுப்பால் பைக்குள் கருப்பட்டி

எங்கள் வீட்டில் அப்போது பூனை ஐந்து, மனிதர் இரண்டு. நானும் மருமகளும்தான். மகன் எம்பிலிப்பிட்டியவில் அரிசி மில்லில் இருந்தான். மாதத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான். பேத்தி கார்மென்ட் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டாள். எங்கள் காம்பரா வீட்டில் ஓட்டு வைத்தால் பூனைக் கட்சிதான் ஜெயிக்கும் என்று தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முதலில் எனக்குத்தான் வந்தது. பூனைக்கு வந்தது பிறகு. காலில் விறகுக் கட்டை குத்தி ஒரு சின்னப் புண். மஞ்சளைப் பூசிக்கொண்டு நான் பாட்டுக்குத் திரிந்தேன். கடைசியில் வலது காலின் சுண்டுவிரலை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஒம்பது வெரலுக்கு நெகம் வெட்டுறது லேசு" என்று ஆஸ்பத்திரி வாட்டில் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் புண்ணைக் கழுவிக் கட்டியவள் அவள். கக்கூசுக்கு என்னைத் தூக்கிப் போனவளும் அவள். விடியக் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையில் ரப்பர்ப் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். வந்து வாளியை வைத்த கையோடு என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு மணி சீனி வரக்கூடாது மாமி" என்றாள்.

"எனக்குத்தானே வருத்தம். நீ குடியேன்."

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க நான் குடிக்கவா? எனக்கு எறங்காது."

உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடித்துப் பழகிய சனம் நாங்கள். மலை ஏறி இறங்கி வருகிறவளுக்கு அந்த ஒரு வாய் இனிப்புதான் உயிர். அன்றிலிருந்து அவள் வெறும் சாயத்தைத்தான் குடித்தாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், கருப்பட்டி தின்றேன்.

கித்துள் பனை சீவுகிற சிங்களக் கிழவர் ஒருவர் எங்கள் லயத்துக்குக் கீழே உள்ள பாதையால் போவார். ஒரு கட்டுக் காய்ந்த ரப்பர்ச் சுள்ளி கொடுத்தால், சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி ஒன்றை வாழைச் சருகில் சுற்றித் தருவார். அதை ஒளித்து வைக்க இடம் வேண்டுமே. ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டுப்பால் என்றால் தெரியும். சிரட்டையிலும் மரத்தின் வெட்டிலும் உறைந்து ஒட்டிக்கொண்ட பாலை உரித்து எடுப்பது. நாள் போனால் செத்த எலியும் அதனிடம் தோற்றுவிடும், அப்படி ஒரு நாற்றம். ஆனால் ஒரு துண்டு போட்டால் ஈர விறகும் பற்றிக்கொள்ளும். அதற்காக எங்கள் அடுப்படிக் கூரைக் கம்பில் ஓர் உரப்பை நிறைய ஒட்டுப்பால் தொங்கும். அடுப்புப் பற்றவைப்பது என் வேலை. அந்தப் பைக்குள் கைவிடுகிற ஆள் நான் ஒருத்திதான். எறும்புகூட எட்டிப் பார்க்காது. கருப்பட்டியைச் சருகோடு ஒரு சொப்பிங் பையில் கட்டி அடியில் வைத்தேன். தின்னும்போது லேசாக ரப்பர் மணக்கும். பழகிவிட்டது.

கிளினிக்கில் என் சீனி இறங்கவே இல்லை. டாக்டர் என்னை விட்டுவிட்டு மருமகளைப் பிடித்துக்கொண்டார். இந்த அம்மாவுக்கு என்னதான் ஆக்கிப் போடுகிறாய், ஒரு விரல் போனது போதாதா என்று எல்லோர் முன்னாலும் சிங்களத்தில் ஏசினார். அன்றுதான் எனக்கு இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள்.

"அந்தாளுக்கு வீட்டுல பொண்டாட்டி ஏசியிருப்பா. அத நம்ம தலையில எறக்கிட்டாரு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இனிப் பூனை. ஐந்தில் பெரியது மஞ்சள் கடுவன், பேத்தி குட்டியிலிருந்து வளர்த்தது. "அப்பாயி, இவன மட்டும் பாத்துக்கிருங்க" என்று என்னிடம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பானை மாதிரி இருந்தவன் தின்னத் தின்ன மெலிந்தான். வாளித் தண்ணீரில் தலையை விட்டால் எடுக்க மாட்டான். ஒரு நாள் அடுப்புச் சாம்பல் குவியலுக்கு எறும்பு வரிசை கட்டிப் போனது. பைக்கு வழி கண்டுபிடித்துவிட்டனவோ என்று பயந்துபோனேன். பார்த்தால் கடுவன் சாம்பலில் மூத்திரம் பெய்த இடத்தில் மொய்த்துக்கிடந்தன.

"இவனுக்கும் நம்ம வருத்தம்தான்" என்றேன் அடுத்த வீட்டுக்காரியிடம்.

"பூனைக்குச் சீனின்னா எலிக்கு என்ன பெரியம்மா, பிரஷரா?"

மருமகள் சிரிக்காமல் கூடையில் வைத்து மூடி, டவுனில் இருக்கும் மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். நானும் நொண்டிக்கொண்டு கூடப் போனேன். டாக்டர் நோனா ஊசியால் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்துச் சிரித்தாள். "பூசாட்டத் தியவெடியாவ, ஆச்சி!" பூனைக்கும் சீனி வருத்தமாம். அவள் சொன்னது மூன்று. என் மருந்திலேயே, சின்ன ஊசியில் முதல் கோடு வரைக்கும், காலையும் மாலையும் போட வேண்டும். வயிற்றில் சாப்பாடு இல்லாமல் ஊசியைத் தொடவே கூடாது. தள்ளாடி விழுந்தால் ஒரு நிமிஷம் நிற்காமல் இனிப்பை எடுத்து ஈறில் தேய்க்க வேண்டும். மருமகள் மூன்றையும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் வீட்டில் சீனி வாங்கி வைக்கவில்லை. என் கை எட்டும் என்று பயந்திருப்பாள்.

பூனைக்கும் எனக்கும் ஒரே மருந்துப் போத்தல். ஈர மணல் போட்ட மண்சட்டியில் அதை வைத்திருந்தோம். ஊசி போடுவது அவள் பாடு. என் வேலை ஒன்றே ஒன்று. மற்ற நாலையும் உள்ளே போட்டுக் கொண்டியை மாட்டிவிட்டு, கடுவன் தன் சிரட்டையை நக்கி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்திருப்பதைவிட லேசான வேலை தோட்டத்திலேயே கிடையாது.

அன்று விடிந்தும் மழை விடவில்லை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். பெரட்டுக்குப் போன மருமகள் நனைந்துகொண்டு திரும்பி வந்தாள்.

"மாமி, பூனைக்குச் சோத்த வைங்க. நான் பீலியில தண்ணி புடிச்சிட்டு வந்து ஊசி போடுறேன்."

நெத்தலித் தலை போட்டுப் பிசைந்து சிரட்டையில் வைத்தேன். மற்றதுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். கொண்டியை மாட்டவில்லை. மழைக் குளிருக்கு வாய் கேட்டது. அவள் பீலிக்குப் போய் வர நேரம் இருந்தது. கை பைக்குள் போய்விட்டது.

நான் திரும்பிப் பார்க்கும்போது சிரட்டை வெறுமையாய் இருந்தது. மற்ற நாலில் ஒருத்தி, ஒற்றைக் கண் கறுப்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வாசல்படியில் இருந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடுவன் சிரட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே நேரம் மருமகள் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"தின்னுச்சா மாமி?"

என் வாய்க்குள் கருப்பட்டி. வாயைத் திறந்தால் வாசம் வரும்.

"ம்."

"முழுசாவா?"

"ம்."

"என்ன இன்னைக்கு வாயே தெறக்கல? மழைக்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே என் கையில் ஊசியைப் போட்டாள். பிறகு பூனையின் பிடரியைத் தூக்கி அதற்கும் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருப்பட்டி கரைந்து முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பாள். இன்னொரு பிடி சோறு வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஏன் என்று கேட்பாளே என்று அதையும் விட்டேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கடுவன் அடுப்படியால் ஆடி ஆடி வந்தான்.

"சம்பள நாளுல குடிச்சிட்டு வர்ற மாதிரியில்ல வாரான்" என்றேன். வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் பூனை பக்கவாட்டில் விழுந்து காலை இழுத்துக்கொண்டது.

மருமகள் விளக்குமாற்றைப் போட்டாள். "சீனி! ஐயோ, சீனி வேணுமே!" தலையில் ஒரு துணிகூடப் போடாமல் மழைக்குள் ஓடினாள்.

அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்த கதவை அவள் தட்டுவது கேட்டது. "அக்கா, ஒரு கரண்டி சீனி குடுங்க!" அங்கே இல்லை. அடுத்த கதவு.

பை எனக்கு மூன்று எட்டில் தொங்கியது.

நான் எழும்பவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. எப்படியும் யாராவது சீனி கொடுப்பார்கள், பூனையும் பிழைக்கும், என் பையும் பிழைக்கும் என்று நினைத்தேன். பூனையைத் தூக்கி மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தேன், பெரிய பாசக்காரி மாதிரி. அது என் சேலையில் மூத்திரம் பெய்தது. சூடாய் இருந்தது. நாக்கு பல்லுக்கு இடையில் மாட்டியிருந்தது. இன்னொரு கதவு தட்டும் சத்தம். அவள் குரல் உடைந்துவிட்டது. "அக்கா, என் மகளோட பூனை அக்கா..."

அப்போதுதான் எழும்பினேன். ஒட்டுப்பாலையெல்லாம் வாரித் தரையில் கொட்டி, அடியிலிருந்து கருப்பட்டியை எடுத்தேன். கல் மாதிரி கிடந்தது; உடைக்க நேரமில்லை. ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக் கரைத்து, அந்த எச்சிலை விரலால் எடுத்துப் பூனையின் ஈறில் தேய்த்தேன். திரும்பக் கடித்தேன், திரும்பத் தேய்த்தேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் விழுங்கிவிட்டேன். பழகின தொண்டை.

அவள் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கையில் பேப்பரில் மடித்த சீனி, பாதி கரைந்து விரல் இடுக்கால் வழிந்தது. என்னைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஒட்டுப்பாலைப் பார்த்தாள். என் கையிலிருந்த கருப்பட்டியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பழைய கடி, புதுக் கடி எல்லாம் இருந்தன. மேலே இரண்டும் கீழே ஒன்றுமாய் இருக்கும் பல்லின் தடம் அந்த லயத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

உட்கார்ந்து, தன் கையில் ஒட்டியிருந்த சீனியைப் பூனையின் வாயில் தடவினாள். இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரம் போயிருக்கும். பூனை தலையைத் தூக்கியது. மருமகள் சோறு பிசைந்து வைத்தாள். சிரட்டையை முழுதாய் நக்கி முடிக்கும் வரைக்கும் அவளே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சீனி கொடுத்தவள் குடையோடு பார்க்க வந்தாள்.

"பொழச்சிருச்சா? ஆமா, சீனி இல்லாத வீட்டுல கருப்பட்டி எங்கிட்டிருந்து வந்துச்சு?"

நான் கருப்பட்டியைச் சேலைத் தலைப்பால் மூடினேன்.

"பூனைக்குன்னு வாங்கி வச்சது அக்கா. டாக்டர் நோனா சொன்னாங்கல்ல" என்றாள் மருமகள். "அவசரத்துல எனக்கு நெனவு வரல. மாமிதான் எடுத்துக் குடுத்தாங்க."

"பெரியம்மாவா, கொக்கா?" என்று அவள் என் தோளைத் தட்டினாள். நான் தரையில் கிடந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

அவள் போன பிறகு மருமகள் மெதுவாகக் கேட்டாள். "காலையில அது தின்னுச்சா மாமி?"

"இல்ல. கறுப்பி தின்னுட்டா. நான் பைக்கிட்ட நின்னேன்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்போம். எழும்பித் தேத்தண்ணி ஊற்றினாள், இரண்டு கோப்பை. எனக்கு வெறும் சாயம். கருப்பட்டியில் என் பல் படாத பக்கத்தைக் கத்தியால் உடைத்து, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு கடி, ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! எனக்காக விட்டதை என் முன்னாலேயே வைத்துக் குடித்து முடித்தாள். நானும் என் கோப்பையைக் குடித்தேன். கசப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிச்சத்தை ஒரு போத்தலில் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவர் ராக்கைத் தட்டில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது பூனைக்கு" என்றாள். அவ்வளவுதான். மகனிடமும் சொல்லவில்லை, பேத்தியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடுவன் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தான். அவன் சிரட்டைக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன், கொண்டியை மாட்டிவிட்டு, மாட்டியதைத் திரும்ப ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு. ராக்கைப் போத்தலுக்கு என் கை நீளவில்லை. நீளாதது நல்ல புத்தியால் இல்லை. அவள் அதை இழுத்துப் பூட்டாமல் வைத்ததால்.

அடுத்து இரண்டு கிளினிக் கழிந்து என் சீனி இறங்கியது. அதே டாக்டர் மருமகளைப் பார்த்து நன்றாய்ப் பார்த்துக்கொள்கிறாய் என்றார்.

"நான் ஒண்ணும் செய்யல டாக்டர். மாமிதான் கட்டுப்பாடா இருக்காங்க" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன். அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். வெளியே பார்த்துக்கொண்டே, "ம்" என்றேன். இந்தத் தடவை வாயில் கருப்பட்டி இல்லை, வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.