ஆக்சிஜன் மெஷினுக்கு வைத்த மீட்டர்

ஒரு ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு கரண்டு செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் கணக்கெடுக்க ஆள் வந்தால் இருப்பதைக் குறைத்துத்தான் சொல்வார்கள். ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் ஏசி மேல் சேலையைப் போர்த்திவிட்டு, "அது சாமி படம்மா" என்றார்கள். சாமி ஜிலுஜிலுவென்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் கேள்விகளோடு நிறுத்தாமல், பிளக்கில் சொருகும் சின்ன மீட்டரையும் வைத்துவிட்டு வருவோம். அது அளப்பதெல்லாம் வரைபடக் கோடாக என் போனுக்கே வந்துவிடும்.

மம்சாபுரத்தில் ஒரு வீட்டில் பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆக்சிஜன் மெஷினுக்கு ஒன்றும் வைத்தேன். பஞ்சாலையில் உழைத்து நெஞ்சு கெட்டுப்போன பெரியவர் அந்த வீட்டில் இருந்தார். ராத்திரி பகல் மெஷினை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார்.

மறுநாள் காலை காபியோடு போனைத் திறந்தேன். பிரிட்ஜின் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெஷினின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. கரண்டு போயிருந்தால் இரண்டும் அல்லவா படுத்திருக்க வேண்டும்? போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.

ஸ்கூட்டியை விரட்டினேன். அந்த வாசலில் பந்தல் போட்டிருப்பார்களோ, நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார்களோ என்று வழியெல்லாம் பயம். அவர்கள் தெருவில் திரும்பவே கை வரவில்லை.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே பெரியவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, மெஷின ஏன் நிப்பாட்டுனீக?" என்று கத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

"கணக்குல கூடக் காட்டுச்சுன்னா இலவசக் கரண்டு போயிரும்னு பக்கத்து வீட்டுல சொன்னாக, தாயி. நீ பொட்டியக் கழட்டுற வரைக்கும் செத்த நேரம் ஓட்டி, செத்த நேரம் அமத்துவோம்னு இவியதான்..." கணவரைக் காட்டியவர் மேலே பேச முடியாமல் அழுதார்.

மெஷின் இரைந்தது. உதட்டில் நிறம் திரும்பும் வரை இருவரும் பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

இலவசக் கரண்டுக்கும் எங்கள் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்தேன். பெரியம்மா தலையாட்டினார், நம்பவில்லை. மீட்டரைக் கழற்றிவிடுவதுதான் சரி என்று பட்டது. கழற்ற வேண்டுமானால் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தியாக வேண்டும். நான் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவதற்குள் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

அதோடு மெஷினின் கோடு என் போனில் இல்லாமல் போனது. இப்போது தினமும் காலையில் பெரியம்மாவைக் கூப்பிடுகிறேன்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது, தாயி."

சாமி படம் என்று சொன்ன வீடு ஞாபகத்துக்கு வரும். போனை மெஷின் பக்கத்தில் வைக்கச் சொல்லி, அந்த இரைச்சல் கேட்கும் வரை காத்திருப்பேன்.