அங்கிளுக்கு நான் போட்ட கோல்

முழங்கால் தைலத்தின் வாசனை எங்கே வந்தாலும், ஹூஸ்டன் செல்வா அங்கிளும் என் திருட்டுத்தனமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். இளமையில் இலங்கைத் தேசியக் கால்பந்து அணியில் இருந்தவர். வெளிநாட்டுப் போட்டிகள், எதிரணியின் உயரம், மழையில் வழுக்கிய மைதானம் என்று அவர் சொல்லச் சொல்ல, ஐந்து வருடமாக நான் தலையாட்டிக்கொண்டே மனத்தால் வேறெங்கோ மேய்ந்தேன்.

ஒருநாள் பேத்தி போனில் பழைய அணிப்பட்டியலைப் பார்த்து, “யுவர் நேம் இஸ் நாட் ஹியர், அப்பப்பா” என்றாள். அங்கிள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் திருத்தக்கூடிய அந்த இணையப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன். கை நிற்கவில்லை, கடைசி நிமிடத்தில் ஒரு கோலும் போட்டுக் கொடுத்தேன். ‘மழையை முந்திப் பறந்த பந்து’ என்று வேறு எழுதினேன்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் பேத்தி அதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் உரக்க வாசித்தாள். வீடே கைதட்டியது. அங்கிள் மட்டும் கேக் கத்தியோடு என்னையே பார்த்தார். எங்கள் வட்டாரத்தில் கதை எழுதுகிறவன், பந்தை அப்படிப் பறக்கவிடுகிறவன் நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது கார்வரை வந்தார்.

“தம்பி, நான் கோல்கீப்பர்.”

ஐந்து வருடத்தில் எந்த இடத்தில் ஆடினார் என்றுகூடக் கேட்டதில்லை. பிரியம் என்று நான் நினைத்திருந்தது வெறும் தலையாட்டல்.

“சாரி அங்கிள், இப்பவே டெலீட் பண்ணிடறேன்.”

“ஓம், அழிச்சுப்போடும். அந்தக் கோல் உம்மட கைவேலை எண்டு பிள்ளையிட்ட சொல்லிப்போட்டன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாளைக்கு வாரும், நான் விட்ட கோலுகளைச் சொல்லுறன். அதையும் இப்பிடி வடிவா எழுதும்.”