புள்ளடி போட்ட இடம்

ரோடியோ என்கிற குதிரை, மாட்டு விளையாட்டுக்குப் போகலாம் என்று சொன்னது அப்பாதான். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் தன் குடியிருப்பு வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு குதிரை, ஒரு கயிறு, தொப்பி போட்ட ஒரு மனிதன். அதன் கீழே குரல் பதிவு: "பிள்ளைக்குக் குதிரை விருப்பமெல்லே. சனிக்கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போகட்டோ?" ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று: "இல்லாட்டி நீயும் வா. நீ வந்தால் நல்லம்."

இரண்டாவது பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலாவதற்கு நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மகளுக்கு அப்போது ஐந்து வயது ஆகவிருந்தது. முந்தைய இலையுதிர் காலம்வரை புதன்கிழமைப் பின்னேரங்கள் அவளுக்கும் அப்பாவுக்கும் உரியவை. நான் அலுவலகத்தில் இருப்பேன். கிண்டர்கார்டன் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். அவர் ரயில் பிடித்து நாங்கள் இருக்கும் ஷ்லீரனுக்கு வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு தீத்தி, பிறகு விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோவார். அப்படி ஒரு புதன்கிழமை, அவர் வாங்கில் குந்தியிருந்து அவளுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஏறி விளையாடும் கம்பியிலிருந்து விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் தாதி, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. "என் அப்பா" என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்பா என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். முப்பது வருடம் இந்த நாட்டுத் தொழிற்சாலையில் நின்றவருக்கு அந்த இரண்டு சொல்லும் விளங்காமல் இராது.

எலும்பு ஆறு கிழமையில் பொருந்திவிட்டது. புதன்கிழமைகளுக்கு நான் வேறு ஏற்பாடு செய்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வந்தால், பிள்ளையைத் தூக்குவதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார். அதை நான் கவனித்தேன். கவனித்தும் எட்டு மாதம் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை லுட்சேர்ன் ரயில் நிலையத்தில் அவர் எங்களுக்காகக் காத்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மினுக்கிய கறுப்புச் சப்பாத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

"அப்பா, அங்க மாடு, குதிரை, சேறு."

"ரிக்கற் எடுத்துப் போற இடமெல்லே பிள்ளை. வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்?"

என்னைச் சொன்னால், நானும் குறைந்தவள் இல்லை. என் பையில் வெயிலுக்குப் பூசுகிற கிரீம், மாற்றுடுப்பு, காய்ச்சல் மருந்து, ஈரத்துணி இரண்டு பொதி.

பஸ் இறக்கிவிட்ட இடம் ஒரு சின்ன ஊர். வழமையாக விவசாயச் சந்தை நடக்கும் திடலில் மணல் கொட்டி வேலி அடித்திருந்தார்கள். வைக்கோல் கட்டுகள்தான் இருக்கை. பாற்பண்ணைக்காரர்கள் அகலத் தொப்பியும் கூர் முனைச் சப்பாத்தும் போட்டு, ஒருவருக்கொருவர் சுவிஸ் ஜெர்மனில் வணக்கம் சொன்னார்கள். குதிரையில் வந்த ஒரு பெண் கன்றுக் கூட்டத்துக்குள் புகுந்து ஒரேயொரு கன்றை மட்டும் பிரித்து ஓட்டினாள்.

"தொப்பியெல்லாம் அமெரிக்கா," என்றார் அப்பா. "மாடு மட்டும் எங்கட சுவிஸ் மாடுதான்."

"அம்மப்பா, உங்கட தொப்பி எங்க?"

"நான் தொப்பி போட்டால் தபால்காரன் எண்டு நினைச்சுக் கடிதம் கேப்பினம் குஞ்சு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேலியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் கழிப்பறை வரிசைக்குப் போனேன். அவர்கள் இருவரையும் தனியே விட்டது பத்து நிமிடம் இருக்கும். வரிசையில் நின்றபடியே மூன்று முறை எட்டிப் பார்த்தேன். வேலியோரம் வெள்ளைச் சட்டை தெரிந்தது. திரும்பி வந்தபோது மகளின் நெஞ்சில் பதினேழு என்று இலக்கம் எழுதிய துணி கட்டியிருந்தது. தலையில் தலைக்கவசம்.

"இது என்னப்பா?"

"ஒரு மனிசி வந்து கேட்டது. நான் ஓம் எண்டன். குதிரையோட படம் எடுக்கினமாம்."

படம் அல்ல. மேசையில் இருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தேன். சிறுவர் பீப்பாய் ஓட்டம். குட்டைக் குதிரையில் மூன்று பீப்பாய்களைச் சுற்றி வருவது. விழுந்தால் பொறுப்பு பெற்றோருடையது. கீழே, பாதுகாவலர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. அதற்கு முன்னால் அந்தப் பெண் பேனாவால் போட்டிருந்த சின்னப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி.

அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசித்தவள் நான். விசா, காப்புறுதி, பள்ளிக்கூடம், எதுவானாலும் நான் வாசித்து, நிரப்பி, அவர் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் கையெழுத்து இருக்கும். என்ன ஏது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் இதுதான் நடைமுறை. புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்க அவரைப் பழக்கியதே நான்தான்.

பத்து வயதில், பனிச்சறுக்கு முகாமுக்கான சம்மதக் கடிதத்தையும் அப்படித்தான் மற்றக் கடிதங்களுக்கு நடுவில் வைத்தேன். புறப்படுவதற்கு முதல் நாள்தான் அவருக்குத் தெரியும். சறுக்கு என்றால் என்னவென்றே அறியாத மனிதர், பஸ் நிற்கும் இடம்வரை வந்து, "சப்பாத்து இறுக்கமோ?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவைத்தார்.

அதை நினைத்துத்தான் மகளைக் குதிரையில் ஏற விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அப்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது கோபம். படிவத்தில் இருந்ததை ஒரே மூச்சில் தமிழில் சொன்னேன். கேட்கக் கேட்க அப்பாவின் முகம் வெளிறிப் போனது.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. நான் போய் பேரை வெட்டச் சொல்லிப்போட்டு வாறன். என்ர பிழை. நீ நில்." அதற்குள் மேசையை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டார். என்னைவிட அவருக்குத்தான் பயம்.

சின்னவளாக இருந்தபோது என்னை ஒரு தோளிலும் அரிசி மூட்டையை மறு தோளிலும் வைத்து மூன்று மாடி ஏறியவர். இந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது விழுந்த பிள்ளை இல்லை. நான்.

அந்த நேரம் ஒலிபெருக்கி என் மகளின் பெயரை மூன்று துண்டாக உடைத்துக் கூப்பிட்டது. மகள் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, விடுங்கோ. ஏறட்டும்."

குதிரையைப் பிடித்திருந்த பருத்த பெண், வீட்டார் ஒருவர் மறுபக்கம் கூட நடக்கலாம் என்றாள். என்னை நோக்கித்தான் கையைக் காட்டினாள். நான் ஒரு காலை முன்னே எடுத்து வைக்கவும் செய்தேன். பிறகு நின்றேன்.

"அப்பா, நீங்கள் போங்கோ."

"நானோ?"

"ஓம். காலைப் பிடியுங்கோ, முதுகுக்குப் பின்னாலயும் கை வையுங்கோ. ஆனால் இழுக்காதேங்கோ."

அந்தச் சப்பாத்தோடு மணலில் இறங்கினார். முதலாவது பீப்பாய்வரை குதிரை ஆறுதலாக நடந்தது. அவர் வேலிப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், சிரிக்க முடியவில்லை. இரண்டாவது பீப்பாயில் குதிரை நின்று, வாலைத் தூக்கி, நிதானமாகச் சாணி போட்டது. கூட்டம் கை தட்டியது. மகள் அதைத் தனக்கான கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு கையசைத்தாள். பிறகு குதிரை திடீரென்று துள்ளோட்டம் எடுத்தது. கத்தினேனா என்று தெரியவில்லை. அப்பா ஓடினார். சட்டை வெளியே வந்து, வாய் திறந்து, ஒரு கை அவள் முதுகை விட்டு விலகாமல், அறுபத்தாறு வயதில் குதிரைக்குச் சமனாக ஓடினார். மூன்றாவது பீப்பாயைச் சுற்றும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்களுக்குக் கடைசி இடம்.

"அம்மா, அம்மப்பா குதிரையை விட வேகமா ஓடினவர்!" என்று மகள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். அப்பா வைக்கோல் கட்டில் இருந்தபடி மூச்சிளைத்தார். சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார். தண்ணீர் கொடுத்தேன். ஒரு தடவை அவர் தோளில் கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். இப்படித் தொட்டுப் பழக்கமில்லை எங்களுக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அவர் மடியில் நித்திரையாகிவிட்டாள். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விழுந்திருந்தால் இதே கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியிருக்க மாட்டேன். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னேன்:

"அப்பா, வாற புதன்கிழமை நீங்கள் வாறீங்களோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "உனக்குப் பயமெண்டால் வேண்டாம் பிள்ளை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"பயம்தான்," என்றேன். "எண்டாலும் வாங்கோ."

கிண்டர்கார்டன் இப்போது எத்தனை மணிக்கு விடுகிறது என்று கேட்டார்.