உருளைக்கிழங்குக்குப் பின்னால் வந்த எழுத்து

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பட்டப்பகலில், முழு நினைவோடு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அது ஒரு குளிர்பதனக் கிடங்கு. ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலேயும் ஒரு மின்பலகை, உள்ளே என்ன சரக்கு என்று காட்டும். மூன்றாம் அறைப் பலகையில் மட்டும் சரக்கின் பெயருக்குப் பின்னால் ஏதோ கிறுக்கலாக வந்துகொண்டிருந்தது. சரிசெய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "பேய் வேலை சார். எப்படியாவது அழிச்சிடுங்க" என்றார் மேனேஜர். படித்த மனிதர்! புரோகிராமைத் திறந்தேன். சி மொழி. அதில் பெயரின் கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பெயர் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து வாசித்துக்கொண்டே போகும். எழுதிய அரைகுறை அதை வைக்கவே இல்லை. இதற்குப் பெயர் பேயாம்.

பைத்தான் என்ற வேறு மொழியில் புதிதாக எழுதினேன். அதில் ஒவ்வொரு பெயருக்கும் தன் நீளம் தெரியும். தாண்டி வாசிக்க வழியே இல்லை.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் போய்விட்டார்கள். கம்ப்ரசர் மட்டும் ம்ம்ம்ம்... என்று இரைந்தது. புது புரோகிராமை ஓட்டினேன். 'உருளைக்கிழங்கு'. சுத்தமாக நின்றது. "எங்கேய்யா உங்க பேய்?" என்று காலி நாற்காலிகளைக் கேட்டேன்.

பலகை மினுக்கியது.

'உருளைக்கிழங்கு தி'

லேப்டாப்பில் பெயரின் நீளத்தைப் பார்த்தேன். மாறவில்லை...

'உருளைக்கிழங்கு திற'

"வயர் லூஸ்" என்று சொல்லிக்கொண்டே வயரை அழுத்திச் செருகினேன்.

'திற திற திற...'

சரக்கின் பெயரையே காணோம்.

ஓடிப்போய் மூன்றாம் அறைக் கதவை இழுத்தேன்.

உள்ளேயிருந்து கிடங்கின் சூப்பர்வைசர் அக்கா என் மேல் சரிந்தார். உதடெல்லாம் நீலம். "அவரையும் கூட்டிட்டு வாங்க..."

"யாரை?"

"லோடுமேனை. கதவுல விரலால எழுதிக்கிட்டே இருந்தாரு. 'பயப்படாதம்மா, வெளிய தெரியும்'னாரு."

உள்ளே மூட்டைகள். வேறு யாருமில்லை. கதவின் உள்பக்கப் பனியில் ஒரே சொல், மேலிருந்து கீழ்வரை.

மாலையில் மேனேஜர் உண்மையைக் கக்கினார். சில வருஷம் முன்பு அதே அறையில் ஒரு லோடுமேன் மாட்டிக்கொண்டு, விறைத்துச் செத்திருக்கிறார். உள்கைப்பிடி உடைந்திருந்ததாம்.

"மாத்தலையா?"

"ஆர்டர் போட்டிருக்கோம் சார்."

அதே கைப்பிடி. இந்த மனிதருக்குப் பேயே மேல்.

கிளம்பும்முன் பழைய புரோகிராமையே திரும்பப் போட்டேன். பெயரின் கடைசியில் பூஜ்யம் வைக்கவில்லை.